ஆன்லைன் ஆர்பிஜியில் மனசு ஏன் ஒட்டுவதில்லை?

கேள்வி இதுதான்: "தனியாக ஆடும் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக வேடமேற்று ஆடும் கேம்) என்றால் விடிய விடிய அந்த உலகத்துக்குள்ளேயே கிடக்கிறேன். அதே மாதிரி ஆன்லைன் கேமில் நுழைந்தால் அரை மணி நேரத்தில் மனசு வெளியே வந்துவிடுகிறது. கூட ஆடுகிறவர்களின் கோமாளித்தனம்தான் காரணமா, வேறு ஏதாவது இருக்கிறதா?"

கூட ஆடுகிறவர்கள்மேல் பழியைப் போடுவது சுலபம். என் கணக்கில் அது மூன்றாவது, நான்காவது காரணமாகத்தான் வரும். ஒரு ஆன்லைன் உலகம் நம்மிடம் சில வாக்குகள் கொடுத்துத்தான் உள்ளே கூப்பிடுகிறது. இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் இவ்வளவு தூரம், நெருப்பு யாரையும் சுடும், இந்த வாள் உலகத்திலேயே ஒன்றுதான் என்கிற மாதிரி. ஆட்டக்காரன் எவனாவது அதை மீறினால் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கேமே தன் வாக்கை மீறும்போதுதான் விட்டுப்போகிறது.

முதலில் கோமாளித்தனத்தை முடித்துவிடலாம். எல்ஃப் என்ற கற்பனை இனத்து வில்லாளி ஒருத்தி மிடுக்காக வந்து நிற்கிறாள். தலைக்கு மேலே 'தளபதி வெறியன்' என்று பெயர் மிதக்கிறது. பொது சாட்டில் ஒருவர் ஐபிஎல் ஸ்கோர் கேட்கிறார். வாய்ஸ் சாட்டைத் திறந்தால் சூனியக்காரக் கிழவிக்குப் பின்னால் குக்கர் விசிலும், "டேய், தோசை ஆறுது, வாடா" என்கிற அம்மாவின் குரலும் கேட்கின்றன. எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் தெருக்கூத்தில் கட்டியங்காரன் துரியோதனன் சபைக்கு நடுவே நின்றுகொண்டு ஊர்ப் பெரிய மனிதரைக் கிண்டலடிக்கிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அடுத்த நிமிடமே திரௌபதிக்காகக் கண்ணைத் துடைக்கிறது. வேடத்துக்கு வெளியே நாலு வார்த்தை பேசுவதால் கதை செத்துவிடாது. அதுவும் தாங்காதவர்களுக்காக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் (இனி 'வாவ்') ரோல்பிளே சர்வர்கள் (வேடத்தோடு ஆட விரும்புகிறவர்களுக்கான, அந்த உலகத்தின் தனிப் பிரதிகள்) தனியாக உண்டு. அங்கே பொருந்தாத பெயரைப் பார்த்தால் புகார் கொடுக்கலாம், மாற்றச் சொல்வார்கள்.

கேமின் நிரலில் இருக்கும் பிழைகள்? அங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இந்த வகை கேம்களின் வரலாற்றில் ஆட்டக்காரர்கள் இன்றும் வாய் ஓயாமல் பேசும் சம்பவங்களில் பாதி, பிழைகளால் வந்தவை.

1997 ஆகஸ்டில் அல்டிமா ஆன்லைன் வெளியாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. சோதனைக் கட்டம். கேமை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட், லார்ட் பிரிட்டிஷ் என்ற மன்னர் வேடத்தில் மக்கள் முன் வந்து நின்றார். அவருக்குச் சாவே வராதபடி ஒரு அமைப்பு உண்டு. சர்வர் விழுந்து எழுந்த பிறகு அதை மறுபடி போட மறந்துபோயிருந்தது. ரெய்ன்ஸ் என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த சுருளைப் பிரித்து நெருப்பு மந்திரத்தை வீச, மன்னர் எல்லோர் கண் முன்னாலும் செத்து விழுந்தார். பிறகு அந்த ஆளின் கணக்கை முடக்கினார்கள், அது வேறு கதை. நிறுவனத்துக்கு அது சங்கடம். கூட்டத்தில் நின்றவர்களுக்கோ, இந்த உலகத்தில் நெருப்பு மன்னரையும் சுடும் என்று தெரிந்தது. அல்டிமா என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது இந்தக் கதைதான்.

2005 செப்டம்பரில் வாவ்-ல் நடந்தது இன்னும் பெரியது. ஸுல்குருப் என்ற ரெய்டில் (பலர் கூட்டமாகப் போகும் சண்டைக்களம்) ஹக்கார் என்ற பாஸ், அதாவது தலைமை எதிரி, சண்டையின்போது ஒரு ரத்த நோயைப் பரப்புவான். பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றும். ரெய்டுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டிய சமாச்சாரம். ஆனால் வேட்டைக்காரர்கள் நோய்பட்ட வளர்ப்பு மிருகத்தை மறைத்து வைத்துவிட்டு ஊருக்குப் போய் மறுபடி கூப்பிட்டால், அது நோயோடேயே வந்து நின்றது. கடைக்கார என்பிசிக்கள் (கேமே இயக்கும் பாத்திரங்கள்) தாங்கள் சாகாமல் நோயை மட்டும் சுமந்தார்கள். அம்பு வாங்க வந்தவன், வங்கிக்கு வந்தவன் என்று எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. பெரிய லெவல்காரர்கள் சமாளித்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சில நொடிகளில் விழுந்தார்கள். தலைநகரத் தெருக்கள் முழுக்க எலும்புக்கூடு. வைத்திய மந்திரம் தெரிந்தவர்கள் தெருவில் நின்று கண்டவர்களை எல்லாம் குணப்படுத்தினார்கள். வேறு சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்துகொண்டு கூட்டமான இடமாகப் பார்த்துப் போனார்கள். புத்தியுள்ளவர்கள் நகரத்துப் பக்கமே வராமல் காட்டில் ஒதுங்கினார்கள். கடைசியில் சர்வரையே மறுதொடக்கம் செய்துதான் நிறுத்த முடிந்தது. 2007-ல் எரிக் லோஃப்கிரென், நினா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தொற்றுநோய்க் காலத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கு இதை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு, லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் கட்டுரை எழுதினார்கள். அந்த வாரம் யாரும் வேடத்தில் பேசவில்லை, யாரும் கதை வசனம் படிக்கவில்லை. ஆனாலும் அந்த உலகம் அத்தனை நிஜமாக இருந்த நாட்கள் குறைவு.

இதற்கு நேர் எதிரான சம்பவம் எவர்க்வெஸ்டில் நடந்தது. என் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த கேமில் கெராஃபிர்ம் என்று ஒரு டிராகன். செல்லப் பெயர் 'ஸ்லீப்பர்'. நான்கு காவல் டிராகன்கள் சுற்றி இருக்க, தூங்கிக்கொண்டே இருக்கும். நான்கையும் கொன்றால் அது விழித்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் அழித்துவிட்டுப் போய்விடும். ஒரு சர்வரில் ஒரே ஒரு தடவைதான். அதன் பிறகு அந்த சர்வருக்கு அது கிடையாது. கொல்லவே முடியாது என்று நினைத்துத்தான் வடிவமைத்திருந்தார்கள். 2003 நவம்பரில் ராலோஸ் ஸெக் சர்வர்காரர்கள் கொன்றே பார்ப்பது என்று முடிவு கட்டினார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளலாம் என்கிற சர்வர் அது, ஆகவே கில்டுகளுக்கு (ஆட்டக்காரர்களின் குழுக்களுக்கு) நடுவே பழைய பகை ஏராளம். பகையை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு சுமார் 200 பேர் திரண்டார்கள். டிராகன் அடிக்க அடிக்கச் சாவார்கள், கிளெரிக் என்ற வைத்தியர்கள் எழுப்பிவிடுவார்கள், எழுந்தவர் ஓடிப்போய் நாலு அடி அடித்துவிட்டு மறுபடி சாவார். மணிக்கணக்கில் இதே வேலை. டிராகனின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஏறக்குறைய கால்வாசிக்கு வந்தது.

அப்போது டிராகன் சட்டென்று காணாமல் போனது. நிறுவனத்தின் தரப்பிலிருந்து ஒருவர் அதை நீக்கிவிட்டார்.

ஏதோ பிழையைப் பயன்படுத்துகிறார்களோ என்ற சந்தேகத்தில் செய்தது என்று பிறகு விளக்கம் வந்தது. கொந்தளிப்பு அடங்காமல் போகவே மன்னிப்பும் கேட்டார்கள், இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார்கள். ஓரிரு நாளில் திரும்பி வந்து கொன்றும் விட்டார்கள். லூட் (கொன்றால் கிடைக்கும் பொருள்) என்று ஒன்றும் விழவில்லை, அதைப் பற்றி அவர்களுக்குக் கவலையும் இல்லை.

அந்த 200 பேரும் கேம் பாஷையில்தான் கத்திக்கொண்டிருந்திருப்பார்கள்: யாருக்கு மந்திர சக்தி தீர்ந்தது, யாரை முதலில் எழுப்புவது, எத்தனை சதவீதம் மிச்சம். ஒருவர் வாயிலும் வீர வசனம் இருந்திருக்காது. ஆனாலும் அவர்களைவிட ஆழமாக அந்த உலகத்துக்குள் இருந்தவர்கள் யார்? அவர்களை வெளியே இழுத்துப் போட்டது வானத்திலிருந்து நீண்ட அந்த ஒரு கைதான்.

இப்படி வெளிப்படையாகக் கை நீள்வது அபூர்வம். தினசரி நடப்பது இதைவிட நாசூக்கானது. அதற்குப் பெயர் வசதி.

வாவ் தொடங்கிய 2004-ல் நைட் எல்ஃபாகப் பிறந்தவனுக்கு ஒரு தலைவலி இருந்தது. அவன் ஊர் ஒரு கண்டத்தில், குள்ளர்களின் தலைநகரமான அயர்ன்ஃபோர்ஜ் இன்னொரு கண்டத்தில். நண்பன் குள்ளனாகப் பிறந்திருந்தால் சேர்ந்து ஆட என்ன செய்வது? ஆபர்டீன் துறைக்குப் போய்க் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் மெனெத்தில் துறைமுகத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து வெட்லேண்ட்ஸ் சதுப்பு நிலத்தை ஓடிக் கடக்க வேண்டும். அதில் திரியும் முதலை மாதிரியான ஜந்துக்களின் லெவல் சின்ன எல்ஃபைவிடப் பல மடங்கு. சாலையை விட்டு நாலு அடி விலகினால் ஒரே கடி. செத்து, ஆவியாக ஓடி வந்து, உடலை எடுத்துக்கொண்டு மறுபடி ஓட்டம். அடுத்து மலைக்குகைப் பாதைகள், அங்கே ஓர்க் என்ற முரட்டு இனத்தவர். பிறகு லாக் மோடன், பிறகு பனிமலை. அயர்ன்ஃபோர்ஜ் வாசலைப் பார்க்கும்போது அப்பாடா என்று இருக்கும். எந்தக் கதாசிரியரும் எழுதிக் கொடுக்காத கதை அது. அந்தக் காலத்தில் எல்ஃபாக ஆடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2009 டிசம்பரில் 3.3 என்ற பேட்ச் (கேமுக்கான புதுப்பிப்பு) வந்தது. டஞ்சன் ஃபைண்டர் அதில்தான். ஒரு பட்டனை அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்கி நேரே டஞ்சனுக்குள் (சிறு குழுவாகச் சண்டையிடும் குகை, கோட்டை மாதிரியான இடம்) இறக்கிவிடும். முடிந்ததும் நின்ற இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். குவெஸ்டுக்கு (கேம் கொடுக்கும் பணி) போக வேண்டிய இடத்தை வரைபடத்தில் காட்டிக் கொடுக்கும் வசதியும் அதே பேட்ச்சில் கேமுக்குள்ளேயே வந்துவிட்டது. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆட உட்காருகிறவருக்கு இது வரப்பிரசாதம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தூரம் செத்துப்போயிற்று. டஞ்சன் வாசல் எந்த மலையில் இருக்கிறது என்றே தெரியாமல் உள்ளே நூறு தடவை போய் வரலாம். இன்னொன்றும் செத்தது: பேர். முன்பு ஒருவன் பொது லூட்டை அமுக்கிக்கொண்டு ஓடினால் சர்வர் முழுக்க அவன் பெயர் நாறும், அடுத்த நாள் அவனைச் சேர்த்துக்கொள்ள ஆள் இருக்காது. இப்போது அவன் வேறு சர்வர்காரன். இனி ஆயுசுக்கும் அவனைப் பார்க்கப் போவதில்லை. ஐந்து பேரும் ஒரு ஹாய் சொல்லாமல் உள்ளே ஓடி, ஒரு பை சொல்லாமல் மறைகிறார்கள். கூட நிற்பவன் மனிதனா என்பதே சந்தேகமாகிவிடுகிறது.

சாட்டில் வரும் தொந்தரவுகூட எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பாரன்ஸ் என்ற வறண்ட நிலப்பகுதியின் சாட், அபத்தத்துக்குப் பேர் போனது. அதில் அடிக்கடி வந்து விழும் கேள்வி, "மான்கிரிக்கின் மனைவி எங்கே?" மான்கிரிக் என்ற ஓர்க், போரில் தவறிப்போன மனைவியைத் தேடித்தரச் சொல்வான், இடத்தை வரைபடத்தில் யாரும் குறித்துத் தர மாட்டார்கள். தெற்கே அலைந்தால் சாலையை விட்டுத் தள்ளி ஒரு குடிசை ஓரம் அடித்துப் போடப்பட்ட உடல் கிடக்கும். பத்து பேர் கேட்பார்கள், மூன்று பேர் பொய் வழி சொல்வார்கள், ஒருவர் பொறுமையாகச் சரியான வழி சொல்வார். வரைபடத்தில் குறி வந்தது, கேள்வி நின்றது. அத்தோடு பேச்சும் நின்றது. அபத்தமான சாட் போய் அமைதி வந்ததால் யாருடைய லயிப்பும் கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

2019 ஆகஸ்டில் வாவ் கிளாசிக் என்று பழைய வடிவத்தையே, டஞ்சன் ஃபைண்டர் இல்லாமல், மறுபடி திறந்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. ஒரு குவெஸ்டுக்குக் கொல்ல வேண்டிய எதிரி ஒரு நேரத்தில் ஒருவன்தான் முளைப்பான், கொல்ல வந்தவர்களோ டஜன் கணக்கில். பல சர்வர்களில் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். கோடரியும் ஈட்டியும் ஏந்திய ஓர்க்குகள், ரேஷன் கடை மாதிரி ஒருவர் பின் ஒருவராக. கதைக்குப் பார்த்தால் இதைவிட அபத்தம் கிடையாது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பக்கத்தில் நின்றவர்களோடு பேசினார்கள், நடுவில் நுழைந்தவனைத் திட்டினார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கே குழப்பம்தான்.

அடுத்தது, தனியாக ஆடும் கேமிலிருந்து வருகிற உங்களுக்கு முதலில் இடிக்கப்போவது: 'நீயே மீட்பன்' வியாதி. தனியாக ஆடும்போது உலகத்தைக் காக்கப் பிறந்த ஒரே ஆள் நீங்கள் என்றால் நம்பலாம். ஆன்லைனில் அதே வசனத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நாற்பது பேர் நிற்கிறார்கள். இதன் உச்சம் 2016-ல் வாவ்-ன் லீஜியன் என்ற விரிவாக்கம். ஆஷ்பிரிங்கர் என்பது அந்த உலகத்தின் புராண வாள், ஒன்றே ஒன்றுதான். லீஜியனில் ரெட்ரிபியூஷன் வகை பாலடின் (புனித வீரன்) ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்தார்கள், ஒவ்வொருவரையும் பாலடின்களின் அணிக்கே தலைவர் என்றும் சொன்னார்கள். அணியின் மண்டபத்துக்குள் போனால் இருபது தலைவர்கள், இருபது ஆஷ்பிரிங்கர். 'தளபதி வெறியன்' மாதிரிப் பெயர்கள் எத்தனை தலைக்கு மேல் மிதந்தாலும் இந்த அளவுக்குக் கெடுக்காது.

ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற கேம் இதே முடிச்சை ஒருமுறை அழகாக அவிழ்த்தது. 2010-ல் வந்த முதல் வடிவம் படுதோல்வி. இழுத்து மூடிவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். சத்தமில்லாமல் சர்வரை அணைத்திருக்கலாம். அவர்கள் செய்தது வேறு: வானத்தில் ஒரு சிவப்பு நிலவு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பரில் அது உடைந்து, உள்ளிருந்து பஹாமுட் என்ற டிராகன் வெளிவந்து உலகத்தை எரிப்பதோடு சர்வர் மூடப்பட்டது. 2013-ல் புதிய வடிவம் வந்தபோது, அன்று போரிட்டவர்களின் முகம் ஊர்க்காரர்களுக்கு நினைவில் நிற்கவில்லை என்று கதை சொன்னது. ஒரு நிறுவனத்தின் தோல்வி, அந்த உலகத்தின் பேரழிவாகவே மாறிவிட்டது.

உலகம் பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு காரணம்தான். கொன்ற ஓநாய் ஐந்து நிமிடத்தில் அதே மரத்தடியில் முளைக்கிறது. காப்பாற்றிய விவசாயி மறுபடி அழுகிறான். இதை மாற்றப் பார்க்காமல் இல்லை. அல்டிமா ஆன்லைனில் ஓநாய் முயலைத் தின்னும், இரை குறைந்தால் வேறு பக்கம் போகும் என்று ஒரு இயற்கைச் சூழலையே கட்டினார்கள். உள்ளே வந்த ஆட்டக்காரர்கள் முயல், மான், ஓநாய் என்று கண்ணில் பட்டதை எல்லாம் கொன்று தீர்த்த வேகத்தில் அந்த ஏற்பாடு கண்ணுக்கே தெரியாமல் அழிந்தது. எடுத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் பழி நம் பக்கம்தான்.

காசு விவகாரம் உங்களுக்கே தெரியும், நீட்டவில்லை. 2010-ல் வாவ் கடையில் 25 டாலருக்கு மின்னும் குதிரை ஒன்று வந்தது. சில நாட்களில் நகரம் முழுக்க அதே குதிரை. அபூர்வமான மவுண்ட் (ஏறிப் போகும் மிருகம்) ஒன்றைப் பார்த்து "எங்கே கிடைத்தது?" என்று கேட்டால், பதிலில் ஒரு மலையோ டிராகனோ இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு இருந்தால் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வில்லன்: பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம். பெரிய எம்எம்ஓக்கள் (ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்கள்) பலவற்றுக்கு இந்தியாவில் சர்வர் இல்லை. சென்னையில் உட்கார்ந்து ஐரோப்பிய சர்வரில் ஆடினால் 150 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். ஃபைனல் ஃபேன்டசி 14-ல் பாஸ் அடிக்கப்போகும் இடம் தரையில் ஆரஞ்சு வட்டமாகத் தெரியும். உங்கள் திரையில் வட்டத்துக்கு வெளியே தெளிவாக நிற்கிறீர்கள், ஆனாலும் அடி விழுகிறது. சர்வரின் கணக்கில் நீங்கள் இன்னும் உள்ளேதான். கண்ணால் பார்த்ததை உலகம் இல்லை என்று சொல்கிறது, இதைவிடப் பெரிய வாக்கு மீறல் ஏது? லேக்கையே (இந்தத் தாமதத்தையே) விதியாக்கிய கெட்டிக்காரர்களும் உண்டு. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் ஓரிடத்தில் கூட்டம் அதிகமானால் அங்கே காலமே எல்லோருக்கும் சமமாக மெதுவாகும், பத்தில் ஒரு பங்கு வேகம் வரைக்கும். 2014 ஜனவரியில் 7,500-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்து யுத்தம் 21 மணி நேரம் இப்படித்தான் ஊர்ந்து நடந்தது. மெதுவாக இருந்ததே தவிர, யாருக்கும் அநியாயமாக இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தலைக்கு மேல் மிதக்கும் பெயர்களையும், எவ்வளவு அடித்தோம் என்று கணக்குக் காட்டும் மீட்டர்களையும் அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் பத்து நிமிட வேலை. முதல் வாரம் பட்டன் அழுத்திப் பறக்காமல் நடந்தே போங்கள். சின்னதாக ஒரு கில்டில் சேருங்கள், ஐந்நூறு பேர் இருப்பது வேண்டாம். நாலு பெயர் பழகிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

அதற்கும் ஒட்டவில்லை என்றால், 2023 ஆகஸ்டில் அதிகாரபூர்வமாகத் திறந்த வாவ் கிளாசிக் ஹார்ட்கோர் சர்வரைப் பாருங்கள். ஒருமுறை செத்தால் அந்த சர்வரில் அந்தக் கேரக்டரோடு உங்கள் ஆட்டம் முடிந்தது. அங்கே இரண்டு லெவல் ஓநாயைப் பார்த்தாலும் வயிற்றைப் பிசையும். எதிரே வருகிறவர் யாரென்றே தெரியாமல் நின்று ஒரு காப்பு மந்திரம் போட்டுவிட்டுப் போவார். அங்கேயும் கை ஒருமுறை நீண்டது: 2025-ல் சர்வர்கள் மீது நடந்த டிடாஸ் தாக்குதலில் (போலி இணைப்புகளைக் குவித்துத் திணறடிப்பது) கூட்டமாகச் செத்தவர்களை எழுப்பிக் கொடுத்தார்கள். நியாயம்தான் என்றாலும் முணுமுணுப்பு இல்லாமல் போகவில்லை. அந்தச் சலுகை ஒட்டுமொத்த சாவுகளுக்கு மட்டும். டஞ்சனுக்கு நடுவே உங்கள் வீட்டில் கரண்ட் போய்ச் செத்தால் செத்ததுதான், ஆகவே ரௌட்டரையும் சேர்த்து யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.